பித்தளை பிரிட்ஜ்

என் எலெக்ட்ரிக் கிட்டாரின் நாதத்தைத் தூக்கி நிறுத்தாமல் ஓய்வதில்லை என்று சபதம் எடுத்தேன். எடுத்திருக்கவே கூடாது.

எனக்கு லேத் பட்டறை. பம்புக்கு உதிரி பாகம் கடைகிறவன், எதைப் பார்த்தாலும் கடையத்தான் நினைப்பேன். கிட்டாரில் கம்பிகள் வந்து உட்காரும் பிரிட்ஜ் மட்ட ரக வார்ப்பு. அதைக் கழற்றிவிட்டுக் கெட்டிப் பித்தளையில் ஒன்று கடைந்து மாட்டினேன். நாதம் நீண்டு ஒலித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிறு சாயங்காலம் நான் வாசித்தால் மோகனப்பிரியா காபியோடு பக்கத்தில் வந்து உட்காருவாள். கல்யாணமானதிலிருந்து அப்படித்தான். அன்று காபி மட்டும் வந்தது.

"ஏன் அம்மணி, உக்காரலியா?"

"சத்தம் மாறிப்போச்சுங்க. பாத்திரத்தைத் தட்டற மாதிரி காதுல குத்துது. பழசையே மாட்டுங்க."

"இது பித்தளை! எத்தனை கனம் தெரியுமா?"

"கனமா இருந்தா நல்லாப் பாடுமாக்கும்? அப்படின்னா நீங்க பெரிய பாடகரா இருக்கோணுமே!"

அடுத்தடுத்த ஞாயிறுகளில் தனியாக வாசித்தேன். வெறுத்துப்போனது. அவளும் வந்து உட்கார வேண்டும், பித்தளையும் இருக்க வேண்டும். போத்தனூரில் முலாம் பூசும் அமீர் ஹம்சா பாயிடம் கொடுத்து, பித்தளைக்கு நிக்கல் முலாம் பூசி வாங்கினேன். பார்வைக்குப் பழசேதான். அதை மாட்டிவிட்டு, "பழசையே போட்டுட்டேன் அம்மணி" என்றேன். நாக்குக் கூசவில்லை. நிஜமான பழசை அலமாரியில் என் வேட்டிக்கு அடியில் ஒளித்தேன்.

ஞாயிறு வந்தது. காபியோடு வந்து உட்கார்ந்தாள். கண்ணை மூடித் தலையாட்டினாள். நானும் என் பித்தளையின் நாதத்தில் சொக்கிப்போனேன். அத்தோடு வாயை மூடியிருக்கலாம்.

"எப்படி இருக்குது?"

"இதானுங்க நம்ம சத்தம்!"

"ஏமாந்தியா அம்மணி! இது பித்தளைதான். முலாம் பூசியிருக்குது. உனக்கு வித்தியாசமே தெரியல பாரு!"

அவள் நிதானமாகக் காபியைக் குடித்து முடித்தாள்.

"நேத்து நீங்க பட்டறைக்குப் போனப்புறம் கம்பியத் தட்டிப் பார்த்தேனுங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு. வேட்டிக்கு அடியில பழசு கெடந்துச்சு, எடுத்து மாட்டிப்போட்டேன். சுருதி சேர்க்கப் போன்ல ஆப் இருக்குதுங்க. இப்ப நீங்க சொக்கினது பழசுலதானுங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பேசாமல் அவள் சொன்னபோதே பழசை மாட்டியிருந்தால் மானமாவது மிஞ்சியிருக்கும்.

இப்போது ஞாயிறுதோறும் வந்து உட்காருகிறாள். நான் வாசித்து முடித்ததும், "இன்னிக்கு நான் மாட்டி வெச்சது எதுங்க, பழசா பித்தளையா?" என்று கேட்கிறாள். இதுவரை ஒரு தடவைகூட நான் சரியாகச் சொன்னதில்லை.