முழுத் துயரம் பெற்ற தெரு

வெள்ளம் வடிந்து எட்டு மாதம் ஆன பிறகு, மக்களை அவசரமாக மகிழ்விக்க வேண்டும் என்று அரசு உணர்ந்தது. தெருவுக்கொரு இலவசக் கலைவிழா நடத்த நிதி உண்டு என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள்.

தையல்காரர் அதை இரண்டு முறை படித்தார். வீட்டுக்குள் தண்ணீர் வந்த நாளிலிருந்து அவர் மனைவி சிரிக்கவில்லை, வாசற்படியும் தாண்டவில்லை. பாட்டு, வேடிக்கை என்றால் ஒருவேளை வருவாள். அந்த ஒருவேளைக்காகப் பதினாறு பக்க விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டு போனார்.

எழுத்தர் புரட்டிப் பார்த்தார். "எல்லாம் சரி. துயரச் சான்று எங்கே?"

"அது என்னதுங்க?"

"ஏற்கெனவே சந்தோஷமா இருக்கிறவங்களை மகிழ்விச்சா நிதி வீண்தானே? தெருவே நேர்ல வரணும். அதிகாரி முகம் பார்த்து மார்க் போடுவார்."

மறுநாள் தெரு முழுக்க அலுவலக வராந்தாவில் வரிசை கட்டியது. ஆள் குறையக் கூடாதே என்று மனைவியும் வந்தாள். அதிகாரி ஒவ்வொருவர் உதட்டோரத்திலும் அளவுகோல் வைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார். டீக்கடைக்காரர் முறை வந்தது.

"ஏன்யா இளிக்கிறே?"

"இளிக்கலைங்க. பல்லு கொஞ்சம் வெளியே. உள்ளுக்குள்ள பிறந்ததுலேர்ந்தே துக்கம்தான்."

தையல்காரர் மனைவி களுக்கென்று சிரித்துவிட்டாள்.

அதிகாரி பேனாவை மூடினார். 'மேற்படி தெருவாசிகள் போதிய துயரமின்றிக் காணப்படுவதால்' விண்ணப்பம் திரும்பி வந்தது.

"எட்டு மாசம் அடக்கினீங்க, இன்னும் அஞ்சு நிமிஷம் அடக்கக் கூடாதாக்கா?" என்று பக்கத்து வீட்டுக்காரி பொரிந்தாள்.

விஷயம் அங்கேயே முடிந்திருக்கலாம். நினைத்தது நடந்துவிட்டதே! பதினாறு பக்கம் எழுதிய மனிதருக்கு அது உறைக்கவில்லை. மேல்முறையீடு செய்தார். ஒரு மாதம், தினமும் சாயங்காலம், தன் தையல்கடையின் ஆளுயரக் கண்ணாடி முன் தெருவையே நிறுத்திப் பழக்கினார்.

"கால் இஞ்சு இறங்கணும்," என்று டேப்பை உதட்டில் வைத்துச் சொல்வார். "இன்னும் கொஞ்சம். ஆங், அப்படியே நில்லுங்க."

டீக்கடைக்காரர் பல்லை மூடக் கற்றுக்கொண்டார். அடுத்த தெருக்காரர்கள்கூட முகம் பழக வந்தார்கள். இரண்டாம் ஆய்வில் நூற்றுக்கு நூறு. அதிகாரியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விழா நடந்தது. மேடை, விளக்கு, வரவழைத்த கோமாளி, எல்லாம் இலவசம். முன்வரிசையில் குறிப்பேட்டுடன் அதிகாரி. அடுத்த வருட நிதிக்கு இப்போதே துயரம் பார்க்கிறாராம் என்று காதோடு காதாகச் செய்தி பரவியிருந்தது. கோமாளி மூன்று தடவை குப்புற விழுந்தார். அறுபது முகத்திலும் ஒரு சுருக்கம் அசையவில்லை. நான்காவது தடவை, அடிபட்டுவிட்டதோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

தையல்காரர் மனைவி அந்த அறுபது முகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது.

தையல்காரர் பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினார்.

"கொஞ்சம் பொறுத்துக்கம்மா. அடுத்த வருஷ விழாவுல சிரிச்சுக்கலாம்."