பேரீச்ச விதையும் மச்சினன் கல்யாணமும்

பேசிக் கெட்டவர்களைப் பார்த்திருப்பீர்கள். நான் தின்று கெடுக்கப் பார்த்தவன். அதுவும் சொந்த மச்சினனின் கல்யாணத்தை!

அப்போது எனக்கு ஓமான் நாட்டு சோஹார் துறைமுகத்தில் ஸ்டோர் கீப்பர் வேலை. மச்சினன் செல்வம் அங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், ஆதிகால மனிதர்கள் பேரீச்சை பயிரிட்ட இடத்தைத் தோண்டும் கூலி வேலையில் இருந்தான். அன்று கடைசி நாள். குழியை மூடினால் லீவு, மறுநாள் விமானம், நாலாம் நாள் தாலி கட்ட வேண்டும். அவனை அழைத்துவரப் போன நான், வழியில் வாங்கிய பேரீச்சம்பழத்தை மென்றுகொண்டே குழிக்குள் இறங்கினேன். (இறங்காதே என்று கயிறு கட்டியிருந்தார்கள். ஸ்டோர் கீப்பருக்கே கயிறா?)

"மாமா, எதையும் தொட்டுடாதீங்க!" என்று கத்தினான் செல்வம்.

தொடவில்லை. துப்பினேன். துப்பியதோடு விட்டேனா? எங்கள் ஊர்ப் பக்கம் பழம் தின்றால் விதையை மண்ணில் போட்டுக் கால் கட்டைவிரலால் அமுக்கிவிடுவோம், முளைத்தால் புண்ணியம். இரண்டு விதைகளை அமுக்கி, பாட்டில் தண்ணீரையும் ஊற்றிவிட்டுத்தான் மேலே ஏறினேன்.

அரை மணி நேரத்தில், ஆதிகால விதை கிடைத்துவிட்டதென்று ஒரே ஆரவாரம். ஆய்வை நடத்தும் மேடம் மண்டியிட்டு, அந்த விதைகளைப் பிரஷால் துடைத்துக்கொண்டிருந்தார். (மண் ஈரமாக இருந்ததால், அடியில் பழைய வாய்க்கால் இருக்குமோ என்றுகூடப் பேச்சு.)

"பந்த் கரோ! லீவு மாஃபி!" என்றார் சூப்பர்வைசர் பாய். மூடுவதை நிறுத்த வேண்டுமாம், லீவு கிடையாதாம், இன்னும் பத்து நாள் தோண்ட வேண்டுமாம்.

செல்வம் மண்வெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான். "பத்து நாளா? பொண்ணு வீட்ல என்னன்னு சொல்லுவேன் மாமா?"

அவன் கண் கலங்கியது. சொன்னால் என் மானம் போகும். சொல்லாவிட்டால் அவன் கல்யாணம் நிற்கும். (வெட்கக்கேடு, ஒரு நிமிஷம் யோசிக்கத்தான் செய்தேன்.)

அரைகுறை இங்கிலீஷில் மேடத்திடம் ஒப்புக்கொண்டேன். அவர் நம்பவில்லை. வேறு வழி? வாயில் கிடந்த மூன்றாவது விதையை எடுத்து, அவர் உள்ளங்கையில் இருந்த இரண்டுக்கும் பக்கத்தில் நீட்டினேன். மேடம் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கையை நன்றாகத் துடைத்துக்கொண்டார்.

"கலாஸ்!" என்று விஷயத்தை முடித்தார் பாய். செல்வத்துக்கு லீவு கிடைத்தது. குழியை மூட எனக்கு மண்வெட்டி கிடைத்தது.

தாலி குறித்த நேரத்தில் ஏறியது. இன்றும் அவன் வீட்டில் நான் எந்தப் பழத்தில் கை வைத்தாலும், அவன் மகள் ஒரு கிண்ணத்தோடு ஓடிவந்து நிற்பாள்.

"இதுல துப்புங்க மாமா. அப்பா எண்ணிப் பாக்கணுமாம்."