கற்பூரம் அணைத்த விலை

மயிலம் முருகன் நான் கேட்டதையெல்லாம் கொடுத்தான். அரைகுறையாகக் காதில் விழுந்த தொழிலில் இறங்காத புத்தியை மட்டும் நான் கேட்கவில்லை, அவனும் கொடுக்கவில்லை.

2005 கோடை. மரக்காணம் உப்பளத்தில் மூட்டை எண்ணும் வேலை எனக்கு. (படிப்பு எட்டாவது. ஒன்பதாம் வகுப்பை வாசலோடு பார்த்ததுதான்.) மகளுக்கு மயிலம் கோயிலில் காது குத்தச் சேர்த்த பணம் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. அந்த நேரம் பார்த்து வந்தான் என் மனைவியின் தம்பி ஏழுமலை. புதுச்சேரியில் ஷேர் புரோக்கர் ஆபீசில் வேலை.

"மாமா, ஒரு ஷேருக்கு எப்பவும் ரெண்டு விலை சொல்லுவோம். வாங்க ஒண்ணு, விக்க ஒண்ணு. யார் வந்தாலும் இல்லன்னு சொல்ல மாட்டோம். நடுவுல நிக்கிற வித்தியாசம் எங்களுக்கு. அந்த ஷேரைப் பத்தி ரிப்போர்ட்டும் நாங்களே எழுதுவோம்."

"விக்கிறவனே நல்ல சரக்குன்னு எழுதுவானா?"

"அதான் அடியில பொடி எழுத்துல 'எங்ககிட்டயும் இருக்கு'ன்னு போட்டுருவோமே!"

மறுநாளே அந்தக் காதுகுத்துப் பணத்தை முதலாக்கி உப்பளச் சாலையில் பலகை மாட்டினேன். 'உப்பு மூட்டை: வாங்குவது 40, விற்பது 43.' பக்கத்தில் என் ரிப்போர்ட்: 'இந்த வாரம் மழை வராது. உப்பு விலை ஏறும். வாங்கிப் போடலாம்.' அடியில் எறும்பு அளவில்: 'என்னிடமும் இருக்கிறது.' ஜனம் நம்ப வேண்டுமே! வெள்ளிக்கிழமை வரை விலையை மாற்ற மாட்டேன் என்று கற்பூரம் கொளுத்தி, உள்ளங்கையால் அணைத்துச் சத்தியமும் செய்தேன். (கொப்புளம் கண்டது. முருகன் அப்போதே எச்சரித்திருக்கிறான்.)

முதல் நாள் முப்பது ரூபாய் லாபம். நடையே மாறிவிட்டது. புதன்கிழமை கடல் பக்கம் வானம் கறுத்தது. வாங்க ஒருவரும் இல்லை. விற்க ஊரே வந்தது. ஏழுமலைக்குப் போன் போட்டேன்.

"விலையைக் குறைங்க மாமா! நாங்க நிமிஷத்துக்கு நிமிஷம் மாத்துவோம்!"

"கற்பூரம் அணைச்சிட்டேன்டா!"

"எங்க ஆபீஸ்ல யாரும் அதைச் செய்யறதில்ல மாமா."

பக்கத்து வீட்டு லூர்து மேரி ஒருத்தியே நூறு மூட்டை இறக்கினாள். "சாமி சத்தியம் பண்ணிட்டீங்க, எண்ணிக்குங்க அண்ணே!" மயிலம் பணம் கடைசி நோட்டுவரை போனது. சாயங்காலம் கொட்டிய மழையில் சாக்குகள் மட்டும் மிஞ்சின.

சாமி படத்தின் முன் விழுந்து அழுதேன். மனைவி அரிசிப் பானைக்குள் கைவிட்டு ஒரு கட்டு நோட்டை எடுத்தாள். எல்லாம் நான் எண்ணிக் கொடுத்த நோட்டுகள்!

"எங்கம்மா வீட்டு உப்புங்க. லூர்து மேரிகிட்ட குடுத்தனுப்பினேன். மழை வராதுன்னு நீங்க எழுதினீங்களே, அப்பவே வித்துடணும்னு முடிவு பண்ணிட்டேன்."

காதுகுத்து குறித்த நாளில் நடந்தது. (மாமியார் உபயம்.)

அந்த மகளைப் போன வருடம் பெண் பார்க்க வந்தார்கள். "எங்க பொண்ணு சொக்கத்தங்கம்ங்க" என்றேன். உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது:

"அப்பா, அடியில பொடி எழுத்தையும் படிச்சுக் காட்டிடுங்க!"

மாப்பிள்ளை வீட்டார் விழித்தார்கள். என் மனைவி காபியைக் கீழே வைத்துவிட்டு, கற்பூரத்திலிருந்து ஆரம்பித்தாள்.