பல் டாக்டரிடம் சொல்லிவிடாதே

அன்புள்ள தம்பி, போதகர் அவர்களுக்கு,

அக்கா எழுதுவது. முழங்கால்கள் நீங்கலாக நான் நலம். உன் மனைவியும் அவளுடைய ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறேன். உபசாரம் முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை நீ மருத்துவமனைக்கு வரக்கூடாது.

காரணம் உன் பிரசங்கம். நீ எழுதி அனுப்புவதையெல்லாம் பின்பக்க பால்கனியில் உட்கார்ந்து, வாக்கியங்களுக்கு மூச்சு முட்டுகிறதா என்று உரக்க வாசித்துப் பார்த்து, திட்டித் திருத்தி அனுப்புவது பல வருடமாக என் வேலை. சென்ற வாரத்துப் பிரசங்கத்தில் திருத்துவதற்கு ஒரு காற்புள்ளிகூட இல்லை, அதுதான் வினையாகிவிட்டது. சுவிசேஷத்தைக் கேட்டறியாதவர்களைக் கடவுள் அவரவர் மனசாட்சியைக் கொண்டே நியாயந்தீர்ப்பார், கேட்டும் மறுத்தவர்களுக்கோ சாக்குச் சொல்ல இடமில்லை என்று எழுதிவிட்டு நீ நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டாய். நான் மேல்வீட்டுப் பல் டாக்டரை நினைத்துக்கொண்டு விழித்திருந்தேன்.

ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், எந்த வழிபாட்டுக்கும் போகாதவர், மாலைதோறும் என்னோடு சதுரங்கம் ஆடித் தோற்பவர், இப்போது இதய அறுவைக்காக மருத்துவமனையில் படுத்திருப்பவர். ஆடாத பல்லை ஆடுகிறது என்று சொல்லி ஒருநாளும் பிடுங்கியதில்லை. அந்த மனசாட்சியை வைத்து நியாயந்தீர்த்தால் மனிதர் தேறிவிடுவார். ஆனால் ஒரு கோளாறு: எதை நீட்டினாலும் முதலில் "வேண்டாம்" என்பார். காப்பிக்கும் வேண்டாம், கொட்டுகிற மழையில் குடைக்கும் வேண்டாம். இரண்டாம் முறை கேட்டால்தான் கை நீளும். சனிக்கிழமை நீ வந்து சுவிசேஷம் சொல்வாய், அவர் பழக்கதோஷத்தில் "வேண்டாம்" என்பார், திங்களன்று நெஞ்சைத் திறந்து அறுவை செய்வார்கள். இரண்டாம் முறை கேட்பதற்கு மனிதர் உயிரோடு இருப்பார் என்று நீ எழுதித் தருவாயா?

ஆகவே அவர் காதில் எதுவும் விழாமல் காப்பதென்று முடிவெடுத்தேன். உன் சபைப் பெண்கள் பாடிக்கொண்டே வார்டுக்குள் நுழைந்தபோது, இவருக்கு ஒட்டிக்கொள்ளும் இருமல் என்று சொல்லி விரட்டினேன். அதில் ஒருத்தி துண்டுப் பிரசுரத்தை நாற்காலியில் வைத்துவிட்டாள், அதன்மேல் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவளால் எழவே முடியவில்லை.

"என்ன டீச்சர், வேர் விட்டுட்டீங்களா?" என்றார்.

"முட்டி பிடிச்சுக்கிச்சு," என்றேன்.

அடுத்து மருத்துவமனைப் போதகர் வந்தார். டாக்டர் தூங்குகிறார் என்று சொல்லி வாய் மூடுவதற்குள், தூங்குகிற ஆசாமி கண்ணைத் திறந்து, "தூங்கலையே, வாங்க," என்கிறார்! போதகரின் முழங்கையைப் பிடித்து நடைக்கூடத்தின் கோடிவரை தள்ளிக்கொண்டு போய்விட்டுத் திரும்பினால், டாக்டரின் முகம் சுண்டிப்போயிருந்தது.

"எல்லாக் கட்டிலுக்கும் வந்து நாலு வார்த்தை சொல்லிட்டுப் போறாங்க. என் கட்டில்கிட்ட மட்டும் நீங்க காவல் நிக்கறீங்க. ஏன் டீச்சர், எனக்கு மட்டும் ஆகாதா?"

நாலு தலைமுறை மாணவர்களின் வாயை அடைத்தவள், அவருடைய போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டு வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். கடவுள் உன்னைவிடத் தாராளமானவர் என்றுதான் நம்புகிறேன், தம்பி. ஆனால் என் நம்பிக்கைக்கு ஒரு நல்ல மனிதரைப் பணயம் வைக்கத் துணிவு வரவில்லை. எனவே, வராதே.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உன் ஊழியம் செழிக்கட்டும், சனிக்கிழமை தவிர.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: இதை உறையிலிட்டுக் கைப்பையில் வைத்தபடி அவரைப் பார்க்கப் போனேன். விடாமல் துளைத்தார், சொல்லிவிட்டேன். தையல் போடும் முன்பே நெஞ்சு பிரிந்துவிடும்போலச் சிரித்தார்.

"டீச்சர், என் ஜன்னல் உங்க பால்கனிக்கு நேர் மேல. உங்க தம்பி பிரசங்கம் ஒண்ணு விடாம கேட்டிருக்கேன். உங்க திட்டோட சேர்த்து."

"கேட்டு?" என்றேன்.

"தொலைஞ்ச ஆட்டைத் தேடிக்கிட்டு ஒருத்தர் போவாரே, அந்த இடம் வந்தா மட்டும் நீங்க திட்ட மாட்டீங்க. மறுபடி ஒரு தரம் வாசிப்பீங்க. அவரைப் பத்திக் கொஞ்சம் கேக்கணும். தம்பியை வரச் சொல்லுங்க."

ஆக, சனிக்கிழமை வா. உன்னைப் பார்த்ததும் "வேண்டாம்" என்பார். திரும்பிப் போய்விடாதே, மறுபடி ஒரு தரம் கேள்.