நட்சத்திரம் செத்தால் குளிப்பவர்

உலகத்திலேயே நட்சத்திரம் செத்ததற்காகக் குளித்த ஒரே மனிதர் எங்கள் காமா அண்ணன்தான். நம்பாவிட்டால் போங்கள். புதுவயலில் நாங்கள் வேலை பார்த்த அரிசி ஆலையின் எடைமேடைக்கு வந்த எந்த லாரிக்காரரைக் கேட்டாலும் சொல்வார். தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட எடை போட்ட ஆளை யார் மறப்பார்கள்?

அவர் எடைமேடையில், நான் பக்கத்து அறையில் கணினி முன்னால். திடீரென்று அவர் செல்போன் 'ணங்' என்று ஒரு மணி அடிக்கும். அவ்வளவுதான். மேடைமேல் லாரி நிற்க, இவர் குழாயடிக்குப் போய்ச் செம்பு செம்பாகத் தலையில் ஊற்றிக்கொள்வார்.

முதல் நாள் பதறிப்போய், "என்னண்ணே, யாரு தவறிட்டாக?" என்று கேட்டேன்.

"நட்சத்திரம்டா தம்பி. ரொம்பப் பெரிய நட்சத்திரம் சாகுறப்ப காமாக் கதிரா ஒரு மின்னு மின்னும். சில நொடிதான். நம்ம கண்ணுக்குத் தெரியாது, காத்தும் அதைக் கீழ விடாது. அதான் வானத்துக்கு மேல தொலைநோக்கி விட்டு வச்சிருக்காக. அது பாத்த ஒடனே ஊருக்கெல்லாம் தகவல் சொல்லிரும், என் போனுக்கும் வந்துரும். சாவுச் சேதி காதுல விழுந்தா குளிக்கணும்ல?"

"அது உங்களுக்கு என்னண்ணே ஒறவு?"

"அதுக்குன்னு அழ யாருடா இருக்கா? நானாச்சும் இருக்கேன்."

அவருக்குக் காமா என்ற பட்டப்பெயர் வந்ததும் இதனால்தான். குளித்துவிட்டு ஈரத்தலையோடு அண்ணாந்து நிற்பார். பட்டப்பகல். வானத்தில் ஒரு மண்ணும் தெரியாது. ஆலைத் தவிட்டுத் தூசி மட்டும் வெயிலில் பொன்னாக மிதந்துகொண்டிருக்கும். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துப் பார்ப்பார்கள். அப்புறம் அவர்களும் இறங்கி வந்து அண்ணாந்து நிற்பார்கள். என்னத்தைப் பார்க்கிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் ஆலைச் சத்தமே எங்கோ தள்ளிப்போய், தூக்கம் கண்ணைச் சுற்றுகிற மாதிரி அத்தனை சுகமாக இருக்கும்.

அவர் மகள் மீனாவுக்கு அவர்களுடைய காரைக்குடி வீட்டில் நிச்சயதார்த்தம் வந்தது. நேமத்தான்பட்டிப் பையன். மூன்று வருஷமாக இரண்டு பேரும் ஒற்றைக்காலில் நின்று அவன் அம்மாவைச் சம்மதிக்க வைத்திருந்தார்கள். அந்த அம்மாவோ பூனை குறுக்கே போனதற்கே ஒருமுறை தேதியைத் தள்ளிப்போட்டவர்.

"அப்பா, இன்னைக்கு ஒருநாள் எந்த நட்சத்திரமும் சாகக்கூடாது" என்று மீனா போனைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தாள். "சித்தப்பா, சத்தத்தை அமத்திருங்க."

அமத்தினேனா? பந்திக்கு வந்த கந்தரப்பத்தைப் பார்த்த கண்ணுக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

தட்டு மாற்றக் கை நீட்டிய நேரம். என் சட்டைப்பையில் 'ணங்'!

ஐயையோ! காமா அண்ணன் எழுந்தார். நேரே முற்றத்துக் குழாய்க்குப் போனார். பட்டு வேட்டியோடு தலையில் இரண்டு செம்பு. எங்கள் பக்கம் அப்படிக் குளித்தால் ஒரே அர்த்தம்தான். மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் எழுந்துவிட்டார்கள். ஒருவர் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மீனா என்னைப் பார்த்த பார்வையில் நான் செத்தே போனேன்.

பையனின் அம்மா முன்னால் வந்தார். "யாருண்ணே தவறிட்டாக?"

"நட்சத்திரம்மா. பழக்கதோசத்துல ஊத்திக்கிட்டேன். மன்னிச்சிருங்க, எம் மகமேல ஒரு தப்பும் இல்ல."

"எப்பத் தவறுச்சு?"

"தூரத்தை இன்னும் அளந்து சொல்லல. எப்படியும் எழுநூறு கோடி வருசமாச்சும் இருக்கும்."

அந்த அம்மா விரலை மடக்கி மடக்கி யோசித்தார்.

"அப்பக் கருமாதியெல்லாம் எப்பவோ முடிஞ்சிருக்குமே! தீட்டுமில்ல, ஒண்ணுமில்ல. எல்லாரும் உக்காருங்க. அண்ணே, தலையைத் தொவட்டிட்டு வாங்க, தட்டு மாத்துவோம்."

தட்டு மாறியது. மீனா அழுதுகொண்டே சிரித்தாள். அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்று அவளையே பார்த்தார்.

"அந்த வெளிச்சம் கெளம்புறப்ப இந்தப் பூமியே இருந்திருக்காதுடா. எம்புட்டுத் தூரம் வந்து, எம் மக சிரிக்கிற நேரத்துக்குச் சரியா சேந்திருக்கு பாரு."

கேலி பண்ணத்தான் வாயைத் திறந்தேன். அதை விட்டுவிட்டு, ஈரத்தோடு ஈரமாக அந்த மனுஷனை அப்படியே கட்டிக்கொண்டேன்.