கரிக்கலாம்பாக்கத்தில் இறங்காப் படலம்

வாழ்க கலைவேந்தன்! கரும்பு சூழ் கரியமாணிக்கத்தின் கோமான், ஏர்பூட்டும் குடியில் உதித்தும் ஏர்ஹாரனுக்கே இதயத்தை எழுதிவைத்த ஏந்தல், தொலைவில் ஒலி எழுந்த மாத்திரத்தில் வருவது எந்தப் பேருந்து, ஓட்டுவது யார், அதன் கிளட்ச் இன்னும் எவ்வளவு நாள் தாங்கும் என்று உரைக்கவல்ல செவிச்செல்வன், ‘ஏர்ஹாரன் அன்பர்கள்’ என்னும் வாட்ஸ்அப் பேரவையில் எதிர்த்தோர் அனைவரையும் ஒற்றைக் கட்டைவிரலால் வீழ்த்தி வாகை சூடிய வல்லாளன், அவன் செய்த போரைப் பாடப் புகுந்தோம். வில்லியனூர்ச் சாலையின் வேகத்தடைகளில் உறையும் தெய்வங்களே, இந்தக் கதை முடியும்வரை எங்கள் இடுப்பெலும்பைக் காத்தருள்க.

பேரவையின் அட்மின் தமிழ்க்குமரன் ஒரு நாள் அறைகூவல் விடுத்தான். மடுகரையிலிருந்து புறப்படும் ‘முத்துப்பல்லக்கு’ என்னும் தனியார் பேருந்து புது வண்ணம் பூசி, புது ஹாரன் பூண்டு, ஞாயிறன்று வீதியுலா வருகிறது. குழுவினர் முதன்முறையாக முகத்தோடு முகம் பார்த்துக் கரிக்கலாம்பாக்கம் நிறுத்தத்தில் அதை வரவேற்க வேண்டும் என்றான். வில்லியனூரில் செல்போன் கடை வைத்திருக்கும் வைஜெயந்தி உடனே கட்டைவிரலை உயர்த்தினாள். ‘சிங்கம்’ என்று குழுவில் பெயர் பெற்றிருந்த கலைவேந்தன் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. வரப்பில் நின்றபடியே முரசறைந்தான்:

“சிங்கம் கட்டாயம் வரும். பாத்துட்டு எவனும் ஓடக் கூடாது.”

அனுப்பிய மறுகணமே ஓடத் தோன்றியது அவனுக்குத்தான். எழுத்தில் வாய் கிழியப் பேசும் அந்த வேந்தன், நேரில் புதிய ஆள் ஒருவர் பெயர் கேட்டால் அப்பா பெயரைச் சொல்லிவிடும் கூச்சக்காரன். குழுவில் அவன் முகப்படமாக இத்தனை நாளும் விளங்கியது ஒரு பேருந்தின் முகம். அந்தக் கம்பீரத்தை எதிர்பார்த்து நிற்பவர்கள் முன்னால் இந்த மெலிந்த தோளும் கம்மிய குரலும் போய் நின்றால், ‘இவ்ளோதானா?’ என்று மனசுக்குள் நினைக்கமாட்டார்களா? அப்புறம் குழுவில் அவன் சொல்லுக்கு யார் பதில் போடுவார்கள்? கியர்பாக்ஸைப் பற்றி அவன் பேசத் தொடங்கினாலே மனைவி புவனேஸ்வரி கொட்டாவி விடுவாள். ஊரில் வேறு காது கிடையாது. அந்தக் குழு போய்விட்டால் அவனுக்குப் பேச்சுத்துணையே போய்விடும்.

ஞாயிறும் வந்தது. வெள்ளைச் சட்டையை அணிந்து, மாப்பிள்ளை போலிருக்கிறது என்று கழற்றி, கட்டம் போட்டதை அணிந்து, வாத்தியார் போலிருக்கிறது என்று கழற்றி, ஈற்றில் கத்திரிப்பூ நிறக் கவசம் தரித்து, முத்துப்பல்லக்கு என்னும் நெடுந்தேரில் ஏறி, ஜன்னலோரச் சிம்மாசனத்தில் அமர்ந்தான் நம் நாயகன். கரிக்கலாம்பாக்கத்துக்கு டிக்கெட் வாங்கினான். வழியெல்லாம், இறங்கியவுடன் மொழிய வேண்டிய வீரவுரையை உதடு அசையாமல் ஒத்திகை பார்த்தான்.

தேர் நின்றது. அதோ அவர்கள்! குரலை மட்டும் அறிந்திருந்த தமிழ்க்குமரன், ஆள் பனைமரத்தில் பாதி இருந்தான். பக்கத்தில் ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு வைஜெயந்தி. இருவரும் வேல் ஏந்திய காவலரைப் போலச் செல்போனை ஏந்தி நின்றனர். அக்கணமே கலைவேந்தனின் நாற்படை சிதறியது. முதலில் முழங்கால்கள் கட்சி மாறின. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு சமாதானம் பேசியது. எழ முயன்ற வலக்காலை இடக்கால் மிதித்துத் தடுத்தது. விசில் ஊதியது. முத்துப்பல்லக்கு நகர்ந்தது.

“இன்னாபா, கரிக்கலாம்பாக்கம் பூடுச்சே, எறங்கல?” என்றார் கண்டக்டர் பக்கிரி.

வில்லியனூரில் அவசர வேலை இருப்பதாகப் பொய்யுரைத்து மேற்கொண்டு டிக்கெட் வாங்கினான் வேந்தன். வில்லியனூரில் அவனுக்கு எந்த வேலையும் இல்லை. அங்கே ஒரு டீ குடித்தான், பேருந்து நிறுத்தத்தை ஒரு சுற்று சுற்றினான், ஊர் திரும்பும் அதே வண்டியில் அதே ஜன்னலில் மீண்டும் உட்கார்ந்தான். சத்தமில்லாமல் ஊர் போய்ச் சேர்ந்து, காய்ச்சல் என்று ஒரு வரி போட்டுவிடலாம் என்பது அவன் வகுத்த வியூகம்.

அந்தோ! பேருந்துப் பித்தர்கள் ஒரு வண்டியையும் படம் பிடிக்காமல் விடமாட்டார்கள் என்பதை, அந்தப் பித்தர்களுக்கெல்லாம் தலைமைப் பித்தனே மறந்துபோனான். முத்துப்பல்லக்கு மறுபடி கரிக்கலாம்பாக்கத்தை அடைந்து, டைமிங்குக்காக ஓரம் கட்டி நின்றபோது, ஜன்னலுக்கு நேர் கீழே நின்ற இருவரும் குழுவில் எழுதிக்கொண்ட செய்திகள் அவன் மடியிலிருந்த போனில் ஒளிர்ந்தன. போகும்போது எடுத்த படம், வரும்போது எடுத்த படம். இரண்டிலும் முத்துப்பல்லக்கு பொன்னாய் மின்னியது. இரண்டிலும் ஜன்னலில், பல்வலிக்காரனைப் போன்ற முகத்துடன், கத்திரிப்பூச் சட்டை.

‘இந்த ஆளு ரெண்டு ட்ரிப்பும் உக்காந்துகினு இருக்கான். கிராக்கு மாதிரி கீது’ என்று எழுதினான் தமிழ்க்குமரன்.

‘கிராக்குன்னா நம்ம குரூப்புதான்பா. சிங்கம், நீங்க எங்க கீறீங்க?’ என்று எழுதினாள் வைஜெயந்தி.

தன் பெயர் சொல்லி வரும் செய்திக்கு மட்டும் ஏர்ஹாரன் முழங்க வேண்டும் என்று தன் போனில் ஏற்பாடு செய்து வைத்திருந்தான் கலைவேந்தன். முழங்கியது. கரிக்கலாம்பாக்கம் நடுங்கியது. ஆடு ஒன்று சாலையைக் கடப்பதை ஒத்திவைத்தது. டிரைவர் தன் ஹாரனைத் தொட்டுப் பார்த்தார். கீழே நின்ற இரு தலைகளும் மெல்ல நிமிர்ந்தன.

இனி மறைவில்லை, மாற்றுடை இல்லை, காய்ச்சலும் இல்லை. எழுந்தான் வேந்தன், முழங்கால்களை மன்னித்துச் சேர்த்துக்கொண்டான், படிக்கட்டென்னும் மலைச்சரிவில் இறங்கி, தன் மானம், தன் பெயர், தன் ஒரே பேச்சுத்துணை எல்லாவற்றையும் பணயம் வைத்து, முத்துப்பல்லக்கின் முகப்புக்கு முன்னே, விசாரணைக்கு வந்த மன்னனைப்போல் நெஞ்சு நிமிர்த்தி நின்றான். ஒத்திகை பார்த்த வீரவுரையில் ஒரு சொல்லும் நினைவில் இல்லை. இருவரும் அவனை ஏற இறங்கப் பார்த்தனர். தீர்ப்புக்காகக் கண்ணை மூடிக்கொண்டான்.

“சிங்கம், கொஞ்சம் இப்டி தள்ளுங்க. வண்டி மறையுது,” என்றாள் வைஜெயந்தி.

கலைவேந்தன் தள்ளி வந்து அவர்கள் பக்கத்தில் நின்று, தானும் ஒரு படம் எடுத்தான்.