நாத்தனார் சிக்கிய சந்து

எனக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம். என் கணவர் அதைக் குறை என்பார். முப்பத்தொன்பது வயதுவரை நான் அதைக் குணம் என்றுதான் நினைத்திருந்தேன். தம்பி கல்யாணத்தன்று கருத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

தம்பி குமார் கட்டிக்கொண்டது காஞ்சிபுரத்துப் பெண்ணை. நாங்கள் இருவரும் பிறந்த ஊரும் அதுதான். நான் எட்டாவது முடித்ததும் அப்பாவுக்கு மாற்றலாகி ஆவடிக்குப் போய்விட்டோம். கல்யாண மண்டபம் என் பழைய பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே அமைந்தது. அது தெரிந்த நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம் இருந்தபோது, பழைய வீட்டைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினேன். கணவர் வாசலிலேயே மறித்தார். முதல் முடிச்சு மாப்பிள்ளை போட்டால் மீதி இரண்டையும் போட வேண்டிய நாத்தனார் நான் ஒருத்திதான் என்று நினைவூட்டினார். வீட்டிலிருந்து பள்ளிக்கு ஒரு சந்து உண்டு, திரும்பி வர இரண்டே நிமிஷம் என்றேன். (கல்யாணமானதிலிருந்து இந்தச் சந்தின் பெருமையைக் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது புளித்திருந்தது.)

ஆட்டோவில் போனேன். வீடு இருந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டடம். கீழே செல்போன் கடை. நாங்கள் படுத்துத் தூங்கிய அறை இருந்த இடத்தில் ஒருவர் யாருடைய போனுக்கோ கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தார். சும்மா நிற்கக் கூச்சமாக இருந்ததால் என் போனுக்கும் ஒன்று ஒட்டச் சொல்லி, அங்கேயே நின்றேன்.

அதில் இருபது நிமிஷம் போய்விட்டது. தெருவில் பட்டுக்கடைக்கு வந்த வேன்கள் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நின்றன. ஆட்டோ நகராது. ஆனால் சந்து அப்படியே இருந்தது! அரக்குப் பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நுழைந்தேன்.

புத்தகப் பையோடு நான் ஓடிய சந்து. இப்போது இரண்டு பக்கமும் ஏசிப் பெட்டிகள், மழைநீர்க் குழாய்கள். புத்தியுள்ளவள் திரும்பியிருப்பாள். நான் மூச்சை இழுத்துப் பிடித்து, பக்கவாட்டில் நகர்ந்தேன். பத்தடி போனதும் ஒரு குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். முன்னால் போக இடுப்பு விடவில்லை. பின்னால் வரப் புடவை விடவில்லை. கொசுவம் குழாயின் இரும்புப் பட்டையில் சிக்கியிருந்தது.

முகத்துக்குப் பக்கத்தில் ஒரு சமையலறை ஜன்னல் திறந்தது. நைட்டி போட்ட பெண் ஒருத்தி, கையில் தோசைத் திருப்பியோடு என்னைப் பார்த்தாள்.

"இன்னாமா பண்ணிக்கினு இருக்கீங்க?"

நான் இங்கேதான் வளர்ந்தேன் என்று விளக்கினேன். அவள் யோசித்தாள். "நாங்க வந்து நாலு வருசம் ஆவுது. இந்தப் பக்கம் பூனைதான் வரும்," என்றாள்.

அப்போது கைப்பைக்குள் போன் அடித்தது. என் கை அதுவரை போகவில்லை. அவளே ஜன்னல் கம்பி வழியாகக் கையை விட்டு எடுத்து, என் காதில் வைத்தாள்.

"அக்கா, எங்க இருக்க? ஐயர் கூப்புடறாரு."

"ஸ்கூல் சந்துல."

நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவில் அவன் குரலைத் தாழ்த்தினான்.

"அந்தக் கடைசில சுவர் வெச்சி அடைச்சிட்டாங்கக்கா. நிச்சயத்தன்னிக்கி நானும் போய்ப் பாத்தேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவனும் யாரிடமும் சொல்லாமல் வந்து பார்த்திருக்கிறான். (அவன் ஒல்லி. சுவர் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறான்.)

"நான் வராம தாலி கட்டாத," என்றேன். "வந்துக்கினே இருக்கேன்."

நான் சொன்னதில் இரண்டாவது வாக்கியம் பொய். ஆனால் அந்தப் பெண் ரேவதி அதை மெய்யாக்கினாள். அடுப்பை அணைத்துவிட்டு, ஸ்குரூ டிரைவரோடு பின்பக்கமாகச் சந்துக்குள் வந்தாள். பட்டையைக் கழற்றிக் கொசுவத்தை விடுவித்தாள். தோளைப் பிடித்து இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் வெளியே வந்தேன். நைட்டிமேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, என்னை ஸ்கூட்டியில் ஏற்றி, எனக்குத் தெரியாத நாலைந்து தெரு வழியாக மண்டபத்தில் கொண்டுவந்து சேர்த்தாள்.

கெட்டிமேளம் தொடங்கிவிட்டது. குமார் முதல் முடிச்சைப் போட்டு நிமிர்ந்தபோது நான் அங்கே இருந்தேன். மூச்சு வாங்க, மீதி இரண்டையும் இறுக்கிப் போட்டேன்.

கல்யாண ஆல்பத்தில் என் அரக்குப் பட்டில் தோளிலிருந்து முழங்கால்வரை சந்துச் சுவரின் பாசிப் பச்சை. எனக்குப் பின்னால் நைட்டியில் ரேவதி. பிறந்ததிலிருந்து பட்டிலேயே புழங்கிய பெண்வீட்டு அத்தை ஒருவர் மண்டபத்திலேயே அந்தப் பச்சையைத் தடவிப் பார்த்து, "புது டிசைனா இருக்குதே, எந்தக் கடைமா?" என்று கேட்டார்.

போன வருஷம் குமார் காஞ்சிபுரத்திலேயே வீடு கட்டினான். கிரகப்பிரவேச அழைப்பிதழில் முகவரிக்குக் கீழே ஒரு வரி அச்சடித்திருந்தான்: 'அக்கா, ரோடு வழியாக வரவும்.' அச்சுப் பிழை என்று நினைத்து உறவுக்காரர்கள் சிலர் அவனுக்குப் போன் செய்தார்களாம். அவன் பொறுமையாக, ஒருவர் விடாமல், முழுக் கதையையும் சொல்லியிருக்கிறான்.